யதுசா நின்ற மணல்

கோரைக்குடாவில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை நடுவில் நிறுத்துவதில்லை. பாட்டு நின்றால் கை நிற்கும், கை நின்றால் கயிறு தொய்யும், கயிறு தொய்ந்தால் வலையின் மடியில் விழுந்த மீனெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று விவரம் தெரிந்தவர்கள் காரணம் சொல்வார்கள். நிறுத்தக் கூடாதென்றால் நிறுத்தக் கூடாது, இதற்கு என்ன காரணம் வேண்டிக்கிடக்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எங்களுக்குப் பாட்டு எடுத்துக்கொடுக்கும் பங்கிராஸுக்கு மகள் பிறந்த செய்தி வந்தது இழுப்பின் நடுவில்தான், தகப்பன் செத்த செய்தி வந்ததும் இழுப்பின் நடுவில்தான், இரண்டு தடவையும் அவர் மடி கரையைத் தொடும்வரை பாடி முடித்துவிட்டுத்தான் ஒரு தடவை சிரித்தார், ஒரு தடவை அழுதார். ஆகவே மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், கடலுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் குரல் "நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று கத்தியபோது நாங்கள் நாற்பது பேரும் அதைக் கேட்டோம், கேட்டுக்கொண்டே இழுத்தோம்.

கயிறு அன்றைக்கு முதலிலிருந்தே கனத்தது. திருக்கைக் கூட்டம் என்றான் ஒருவன், இல்லை பாறையில் மாட்டியிருக்கிறது என்றான் இன்னொருவன், இரண்டும் இல்லை என்று கயிறு சொன்னது, ஏனென்றால் பாறை அசையாது, இது அசைந்து அசைந்து வந்தது. பிறகு அது கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று கல்யாணப் பந்தல் போடும் அளவுக்கு ஒரு வெள்ளை மணல் திட்டு, அதைச் சுற்றி எங்கள் வலை, அதன் நடுவில் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, முதுகில் ஒரு பை, தலைக்கு மேல் இருபது முப்பது ஆலாப் பறவைகள். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு அவள் கத்தினாள்.

"பயந்துபோய்க் கத்துது புள்ள, வெரசா இழுங்கப்பா" என்று பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே பங்கிராஸ் சொன்னார், நாங்கள் வெரசாக இழுத்தோம்.

மடி கரையைத் தொட்டது, பாட்டு முடிந்தது, ஒரு உயிரைக் காப்பாற்றிய நிறைவில் நாங்களெல்லாம் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். பங்கிராஸ் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயப்படாதம்மா, கரைக்கு வந்துட்ட, எறங்கி வா என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"ஏன் இழுத்தனீங்கள்? நான் நில்லுங்கோ எண்டு எவ்வளவு கத்தினனான்! அம்மா அங்கதான் வருவா. அந்த இடத்துக்குத்தான் வருவா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள், அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அவள் பெயர் யதுசா. இலங்கையிலிருந்து வருகிற படகுக்காரர்கள் கரைவரை வர மாட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில், கழுத்தளவுத் தண்ணீரில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் மணல் திட்டு ஒன்றில் ஆட்களை இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். யதுசாவின் படகில் கடைசியாக ஒரு சின்ன ஆளுக்கு மட்டும்தான் இடம் இருந்திருக்கிறது. அம்மா சுகந்தமலர் அவளைத் தூக்கிப் படகில் வைத்து, "நீ இறங்கிற மணலை விட்டு ஒரு அடி அசையக் கூடாது, நான் அடுத்த படகில அந்த மணலுக்கு வந்து உன்னைத் தூக்குவன்" என்று சொல்லியிருக்கிறாள். கூட வந்த பெரியவர்களை விடியுமுன் ஒரு ரோந்துப் படகு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, இவள் மணலுக்குள் குழி பறித்துப் படுத்துக்கொண்டிருக்கிறாள், அம்மா சொன்னதால். அவள் மணலை விட்டு அசையவில்லை. அம்மா சொன்னது மணலுக்கும் கேட்டிருக்க வேண்டும், மணல் அவளை விட்டு அசையவில்லை.

அன்று உச்சி வெயிலில் அவள் ஐஸ் கொட்டகையின் நிழலுக்குப் போக எழுந்தபோது மணலும் எழுந்து அவள் காலடியிலேயே, பாய் விரிவதுபோலச் சரசரவென்று கூடவே போனது. நாங்கள் பார்த்தோம், வழிவிட்டு நின்றோம். கடலோரத்தில் மணல் நகர்வது புதிதில்லை, எங்கள் பழைய கிணறுகளை மணல் மூடியிருக்கிறது, தார்ச்சாலையை வருஷம் இரண்டு தடவை மூடுகிறது, வீட்டுக்குள் வந்து சோற்றுப்பானை பக்கத்தில் உட்காருகிறது. ஒரு பிள்ளையின் பின்னால் நகர்ந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பங்கிராஸின் மனைவி பனிமயம் ஒரு தட்டில் இட்லியும் மீன்குழம்பும் கொண்டுவந்தாள். மணல் ஓரத்தில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா தாயீ?" என்று கேட்டாள், ஒரு வீட்டு வாசலில் கேட்பதுபோல.

"வாங்கோ" என்றாள் யதுசா. "அவர் வேண்டாம்."

அவர் என்பது பங்கிராஸ்.

"முப்பது வருஷமா நான் நில்லுன்னு சொல்லி நிக்காத மனுசன், நீ சொல்லியா நிக்கப்போறாரு? நீ சாப்புடு" என்றாள் பனிமயம், புருஷனுக்கும் கேட்கிற மாதிரி.

மறுநாளே ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய குழந்தைகள் நல அலுவலர் இந்திராணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஒரு கோப்பு, தோளில் ஒரு பூத்துவாலை, எந்த ஊர்க் கடலைப் பார்த்தாலும் அதற்கு முதுகைக் காட்டி நிற்கிற ஆள். மணலையும் பிள்ளையையும் பார்த்தார், மணலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, படிவத்தில் மணலுக்கு இடமில்லை. படிவத்தில் முதல் கேள்வி பெயர், இரண்டாவது வயது, மூன்றாவது, தனியாக வந்தவரா. மூன்றாவதுக்கு ஆம் என்று எழுதினால் பிறகு எழுத வேண்டியது எதுவுமில்லை, எல்லாம் அச்சிலேயே இருந்தது.

அந்த அச்சில் இருந்ததை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். தாய் தகப்பனோடு வந்த பிள்ளை அவர்களோடு முகாமுக்குப் போகும். தனியாக வந்த பிள்ளை, கரை மண்ணில் கால்வைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள், முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு இல்லத்துக்குப் போகும். பிறகு தாய் வந்தால், தாய் தனியாக வந்த ஆளாக முகாமுக்குப் போவாள். இவளுடைய பிள்ளைதான் அது என்று அங்கிருந்து காகிதம் வந்து, இங்கிருந்து காகிதம் போய், இரண்டும் ஒரு மேசையில் சந்தித்தால் சேர்த்து வைப்பார்கள்.

"எவ்வளவு நாளாகும் மேடம்?" என்று பனிமயம் கேட்டாள்.

இந்திராணி கோப்பை மூடினார். "போன வருஷம் ஒரு பையன். அவங்கம்மா நாலே நாள்ல வந்துட்டாங்க. பையன் எங்க இருக்கான்னு அவங்களுக்குக் காட்ட பதினாலு மாசம் ஆச்சு. என்னைய அடையாளம் தெரிஞ்ச பையனுக்கு அவங்களைத் தெரியல."

இதைச் சொல்லிவிட்டு அவர் யதுசாவைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். அது அவர் வேலை. யதுசா கத்தவில்லை, இரண்டு கையிலும் மணலை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் கிளம்பியது, மணலும் கிளம்பியது. வேலிக்கருவைக்கு நடுவே போகும் சாலையில் ஜீப் முன்னால் போக, மேலே ஆலாக்கள் பறக்க, பின்னால் மணல் திட்டு பள்ளிக்கூடம் விட்டு ஓடுகிற பிள்ளைபோல வந்தது, மூன்றாவது மைலில் அதை முந்தியது, சக்கரம் புதைந்து ஜீப் நின்றது. அதற்குப் பின்னால் நகரப் பேருந்து வந்து நின்றது.

"என்ன டிரைவர் அண்ணே, கடலயும் கூடவே இழுத்துட்டு வரலாம்ல, பாதியில விட்டுட்டு வந்துட்டீங்க?" என்றார் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு.

"வாய மூடுய்யா, எறங்கித் தள்ளு" என்றார் ஜீப் டிரைவர் காளிமுத்து.

பேருந்தில் இருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள், ஜீப்பை ஊர்ப்பக்கம் திருப்பித் தள்ளிய பிறகுதான் மணல் வழிவிட்டது. மூன்றாம் நாள் இரண்டு லாரிகள் வந்து மணலை அள்ளிக்கொண்டு போயின. நாலாம் நாள் காலை மணல் யதுசாவின் காலடியில் இருந்தது, லாரிக்காரர்களுடைய தூக்குச்சட்டி ஒன்றும் அதில் இருந்தது, காளிமுத்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஊர் அந்த மணலோடு பழகிக்கொண்டது. ஏலம் கூறுகிற இடத்தை வடக்கே தள்ளிவைத்தோம். எங்கள் மணல் பழுப்பு, அது வெள்ளை, அதில் காயப்போட்ட நெத்திலி அரை நாளில் சலங்கைபோலக் கலகலத்ததால் பெண்கள் யதுசாவிடம் கேட்டுக் கேட்டு ஓரமாகக் காயப்போட்டார்கள், பறவையை விரட்டுவது அவள் பொறுப்பானது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனால் வகுப்பறையில் மணல் கொள்ளவில்லை, ஆகவே வகுப்பு வெளியே வந்தது, மூன்றாம் வகுப்பு முழுக்கக் கரும்பலகையும் நோட்டும் இல்லாமல் மணலில் விரலால் எழுதியது, வாத்தியார் திருத்தியதை நண்டுகள் மறுபடி திருத்தின. அந்த மணலுக்குத் தனி ஏற்றவற்றம் இருந்தது. எங்கள் கடல் வற்றிக் கிடக்கும்போதுகூட அதன் ஓரங்கள் நனைந்து நுரைக்கும், அது எங்கே இருந்ததோ அந்த இடத்தின் நேரத்தை அது மறக்கவில்லை. அந்த ஆலாக்களும் மறக்கவில்லை. தினமும் நண்பகலில் எழுந்து கிழக்கே, மணல் முன்பு இருந்த இடத்துக்குப் பறந்துபோய், சுற்றிப்பார்த்துவிட்டு, யாருமில்லை என்று சாயங்காலம் திரும்பிவரும். யதுசா அவை திரும்பிவரும் வரைக்கும் சாப்பிட மாட்டாள், திரும்பிவந்த பிறகும் கொஞ்சம்தான் சாப்பிடுவாள்.

நீங்கள் போய்ப் பார்க்கலாமே என்று கேட்கலாம். போய்ப் பார்த்தோம், தினமும் இரண்டு பேர் வள்ளத்தில் தூரமாய்ப் போய்ப் பார்த்து வந்தோம், தண்ணீர்தான் இருந்தது. அவள் அம்மா அங்கே இருந்திருந்தாலும், அந்தப் பக்கத்து ஆளை வள்ளத்தில் ஏற்றினால் வள்ளம் பறிபோகும், ஏற்றியவன் உள்ளே போவான், அது எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படி ஏற்றி வந்தாலும் அவள் தனியாக வந்த ஆள், இவள் தனியாக வந்த பிள்ளை.

பங்கிராஸ் அந்த நாட்களில் பாட்டு எடுக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்றார். காலையில் மணல் ஓரம்வரை வருவார், நிற்பார், யதுசா கூப்பிடமாட்டாளா என்று பார்ப்பார், போவார்.

இந்திராணி தினமும் வந்தார். முதலில் கோப்போடு வந்தவர், பிறகு கோப்போடும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடும் வந்தார். ஐந்தாம் நாள் மணலில் உட்கார்ந்து விதியை மறுபடி ஒருமுறை வாசித்தவர், சட்டென்று நிமிர்ந்து காளிமுத்துவைக் கூப்பிட்டார்.

"இந்தப் புள்ள கரை மண்ணுல கால் வச்சுச்சா?"

"இல்லீங்க மேடம். அது மணல்லதான் நிக்கிது. ஜீப்புலயும் மணல மடியில வச்சிருந்துச்சு."

"அப்ப பத்து நாள் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கால் வச்ச நாள்லருந்துதான போட்டிருக்கு?"

நாங்கள் கைதட்டினோம், பனிமயம் அவருக்கு இரண்டு பாரை மீன் பொரித்துக் கொடுத்தாள், அவர் அதை மேலிடத்துக்கு எழுதினார்: பிள்ளை இன்னும் கரை மண்ணில் கால்வைக்கவில்லை, ஆகவே கெடு தொடங்கவில்லை. கெட்டிக்காரத்தனமான கடிதம். அதுதான் வினையானது. எட்டாம் நாள் பதில் வந்தது. பிள்ளை கால்வைக்கவில்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது, கால்வைக்காத பிள்ளை வந்ததாகாது, ஆகவே தனிப் பிள்ளை ஒன்றையும் அதன் மணலையும் பத்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கப்பல் வந்து கட்டி இழுத்துச்சென்று அந்தப் பக்கத்துக் காவல்படையிடம் ஒப்படைக்கும்.

இந்திராணி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மணலிலிருந்து எழுந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், முதல் தடவையாகக் கடலைப் பார்த்து நின்றார்.

"நான்தான் எழுதினேன்" என்றார்.

"நாந்தான் இழுத்தேன்" என்றார் பின்னால் நின்ற பங்கிராஸ்.

 யதுசா அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அங்க அம்மா இல்லை" என்றாள். "வீட்டை வித்திட்டுத்தான் வெளிக்கிட்டவா. அங்க அனுப்பினால் எனக்கு ஆர் கதவு திறப்பினம்?"

ஒன்பதாம் நாள் நண்பகலில் ஆலாக்கள் கிழக்கே பறந்தன, சாயங்காலம் திரும்பவில்லை. யதுசா சாப்பிடவில்லை. பத்தாம் நாள் விடிந்து கடல் வெளுத்தபோது, கிழக்கே தொலைவில் ஒரே இடத்தில் அவை சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது, யாரோ ஒரு கைப்பிடி பொரியை வானத்தில் எறிந்து அது விழ மறந்ததுபோல.

"அம்மா வந்திட்டா" என்றாள் யதுசா.

பங்கிராஸ் அப்போதுதான் முதல் தடவையாக, கேட்காமல், அந்த மணலுக்குள் காலை வைத்தார். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எடுத்த எடத்துலயே கொண்டுபோயி வச்சிர்றேன்த்தா. என்கூடப் பேச வேணாம். இந்தக் கயித்த மட்டும் புடிச்சுக்க."

அவள் கயிற்றைப் பார்த்தாள், யோசித்தாள், பிடித்துக்கொண்டாள்.

வலையை மணலைச் சுற்றி மறுபடி வளைத்தோம், இந்தத் தடவை மடியைக் கரைப்பக்கமும் கயிற்றைக் கடல்பக்கமும் வைத்து, எட்டு வள்ளங்களில் நாற்பது பேர் ஏறினோம். இன்ஜின் போட்டால் கயிறு அறுந்துவிடும் என்பதால், முன்னால் போய் நங்கூரம் போடுவது, நின்று கையால் இழுப்பது, மறுபடி முன்னால் போய் நங்கூரம் போடுவது என்று பேசிக்கொண்டோம். இந்திராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கோப்பைத் துவாலையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் ஏறி யதுசாவின் பக்கத்தில் நின்றார்.

"மேடம், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று காளிமுத்து கரையிலிருந்து கத்தினார்.

"தெரியாது. புள்ள என் பொறுப்புல இருக்கு, நான் இல்லாம எங்கயும் போகக் கூடாதுன்னு விதி இருக்கு."

"ஆளை ஏத்துனா வள்ளம் போயிரும் மேடம், அது எங்களுக்கு விதி" என்றான் ஒருவன்.

"வள்ளத்துல யாரையும் ஏத்தாதீங்க. நீங்க மணல இழுங்க. மணல்ல யாரு ஏறுறாங்க எறங்குறாங்கன்னு நான் பாத்துக்கிறேன்."

பங்கிராஸ் தொண்டையைச் செருமினார். கடலிலிருந்து கரைக்கு இழுக்கப் பாட்டு உண்டு, கரையிலிருந்து கடலுக்கு இழுக்கப் பாட்டு கிடையாது, எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை. ஆகவே அவர் அதே பாட்டைக் கடைசி அடியிலிருந்து எடுத்தார். "வீட்டுக்கு வந்தாச்சு வெள்ளிமீனே" என்று முடிகிற பாட்டு "வீட்டுக்கு வந்தாச்சு வெள்ளிமீனே" என்று தொடங்கியது, "வாசலைத் தாண்டு வெள்ளிமீனே" என்று போனது, நாங்கள் பின்னால் வாங்கிப் பாடினோம், இழுத்தோம். மணல் அசைந்தது. காயப்போட்டிருந்த நெத்திலியோடு, மூன்றாம் வகுப்பு எழுதிய எழுத்தோடு, ஓரத்தில் விட்டிருந்த பனிமயத்தின் செருப்போடு அது எங்கள் கரையைவிட்டு நழுவித் தண்ணீரில் இறங்கியது. இழுத்தோம். கரை சின்னதானது, கோயில் கோபுரத்துச் சிலுவை குண்டூசி ஆனது, இழுத்தோம். உள்ளங்கை தோல் உரிந்து உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது, இழுத்தோம். எட்டு மணிக்கு எட்டாம் நங்கூரம் போட்டோம். பறவைகள் பெரிதாகத் தெரிந்தன, நாங்கள் அவற்றுக்கு நேராகப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம், ஆனால் நீரோட்டம் எங்களை வடக்கே தள்ளிக்கொண்டிருந்தது, பாட்டின் சத்தத்தில் எங்களுக்கு அது தெரியவில்லை. பாட்டுக்கு இன்னும் பாதி மிச்சம் இருந்தது. பறவைகள் பக்கவாட்டில் வந்தன, பிறகு பின்னால் போகத் தொடங்கின.

"நில்லுங்கோ!"

யதுசாதான். மணலின் தெற்கு ஓரத்தில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினாள். "நில்லுங்கோ! நில்லுங்கோ!"

எங்கள் வாய் பாடிக்கொண்டே இருந்தது, கை இழுத்துக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். பங்கிராஸ் அடுத்த அடிக்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. மகள் பிறந்தபோதும் தகப்பன் செத்தபோதும் நிற்காத பாட்டு, அவருடைய தகப்பனும் அவருக்குத் தகப்பனும் ஒருநாளும் நடுவில் விடாத பாட்டு, நடுக்கடலில், பாதி அடியில், நின்றது.

நாற்பது பேரும் நின்றோம். கயிறு தொய்ந்தது. மணல் நின்றது. இவ்வளவு நேரமும் எங்கள் குரலுக்கு அடியில் கிடந்த கடலின் சத்தம் மேலே வந்தது, அதற்குப் பிறகு பறவைகளின் சத்தம், அதற்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, குரல் போய்விட்ட ஒரு பெண்ணின் குரல், காற்றில் ஒரு நூலளவு.

"யது... யது..."

பறவைகளுக்குக் கீழே தண்ணீருக்குமேல் ஒரு தலை. மணல் போன இடத்தில் கழுத்தளவு ஆழம், முந்தின சாயங்கால மங்கலில் இறக்கிவிட்டுப் போன படகுக்காரன் இங்கேதான் மணல் இருக்கும் என்று சொல்லியிருக்கிறான், மணல் இல்லை, ஆனால் இதுதான் இடம் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையை அசையாதே என்று சொன்ன இடத்தை விட்டு அவளும் அசையவில்லை, ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிகால் நோக நின்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இழுக்கவேயில்லை. மணல் தானாகவே போனது, வலையை விட்டு நழுவி, யதுசாவோடும் இந்திராணியோடும், நன்றாகத் தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோலத் தன் பழைய இடத்துக்குள் நுழைந்து, அந்தப் பெண்ணின் காலுக்கு அடியில் போய் அவளை மெல்ல மேலே தூக்கியது. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், பாதம். அவள் மணலில் நின்றாள், பிறகு விழுந்தாள், விழுந்தவள்மேல் யதுசா விழுந்தாள்.

"நான் அசையேல்ல அம்மா" என்றாள் யதுசா. "இவைதான் இழுத்தவை."

"ஓம் செல்லம், ஓம்" என்றாள் சுகந்தமலர்.

இந்திராணி துவாலையைப் பிரித்து அதை அவர்கள் இருவர் மேலும் போர்த்தினார், கோப்பு நனைந்தது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

வலையை மறுபடி மணலைச் சுற்றிப் போட்டோம், திரும்பும் பாட்டைப் பங்கிராஸ் முறையாக, முதல் அடியிலிருந்து எடுத்தார். இலேசாக வந்தது மணல், மூன்று பேர் நின்றும் இலேசாக வந்தது. கரையில் மடி தொட்டபோது ஊரே நின்றது. யதுசா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணல் விளிம்புவரை வந்து தயங்கினாள்.

"இறங்கலாமா அம்மா?"

"இறங்கலாம்."

இரண்டு பேரும் சேர்ந்து, ஒரே அடியாக, எங்கள் பழுப்பு மணலில் காலை வைத்தார்கள். அந்த நேரத்தில் வெள்ளை மணல் ஒரு பெருமூச்சுபோலத் தளர்ந்தது, ஓரங்கள் கரைந்தன, ஒரு அலை வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு எது எங்கள் மணல் எது அந்த மணல் என்று சொல்ல முடியவில்லை. ஆலாக்கள் ஏலம் கூறுகிற இடத்தில் இறங்கி மீனுக்குச் சண்டை போட்டன.

இந்திராணி புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். இன்றைய தேதி போட்டார். பெயர், வயது எழுதினார். தனியாக வந்தவரா என்ற இடத்தில், பதினாறு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆம் என்று எழுதிய கையால், இல்லை என்று எழுதினார், எழுதியதை ஒரு தடவை ஊதிக் காயவைத்தார்.

பத்து மணிக்குக் கப்பலிலிருந்து சிறுபடகில் ஒரு அதிகாரி வந்தார், கையில் காகிதம்.

"தனிப் பிள்ளை ஒண்ணு, மணல் ஒண்ணுன்னு போட்டிருக்கு. எங்க?"

"மணல் எங்கன்னு நீங்களே பாருங்க சார்" என்றார் இந்திராணி. அதிகாரி நீளக் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், எல்லாம் மணல். "பிள்ளை இருக்கு, ஆனா தனியா இல்ல. காலைல அம்மாவோட வந்து எறங்குச்சு. நான் கூட இருந்து பாத்தேன்."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்தார், அவர்களைச் சுற்றி நின்ற, உள்ளங்கை உரிந்த நாற்பது பேரைப் பார்த்தார். "அப்ப இது நான் கூட்டிட்டுப் போகவேண்டியது இல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய தோள் இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பனிமயம் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஜீப் முகாமுக்குக் கிளம்பியது. முகாம் என்பது சொர்க்கமில்லை, பத்துக்குப் பத்தடி அறை, ஒரு தகரக் கூரை, ஆனால் ஒரே கூரை. காளிமுத்து பழக்கதோஷத்தில் பின்னால் மணல் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். ஜீப் திரும்பும் முன் யதுசா வெளியே தலையை நீட்டினாள்.

"பாட்டு மாமா!"

பங்கிராஸ் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

"நீங்கள் நிண்டனீங்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போதும் கோரைக்குடாவில் கரைவலை இழுக்கிறோம், இப்போதும் பாட்டு உண்டு. ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டால் ஒன்றைக் கவனிப்பார்கள்: பாட்டின் நடுவே, கயிறு மிகவும் கனக்கிற நேரத்தில், பங்கிராஸ் ஒரு அடியைப் பாடாமல் விடுவார். நாற்பது பேரும் கயிற்றைப் பிடித்தபடியே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம், கடலை உற்றுக் கேட்போம். அந்த நேரத்தில் கொஞ்சம் மீன் தப்பிப் போகத்தான் செய்கிறது, போகட்டும். யாரும் நில்லுங்கோ என்று சொல்லவில்லை என்பது உறுதியான பிறகு, அவர் தலையை ஆட்டுவார், நாங்கள் இழுப்போம்.